மூன்று டொபி எடு என்றால்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு முன்விறாந்தையை அடைத்துத்தான் கடை போட்டிருக்கிறேன். அரிசி, மா, சீனி, தேங்காய், சவர்க்காரம், கொப்பி, பென்சில். முன்மேசையில் வரிசையாக டொபிப் போத்தல்கள். கடைக்கு முதல் பல வருடம் முன்பள்ளியில் படிப்பித்தேன். முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைக்கிற கொடுப்பனவு எவ்வளவு என்று தெரிந்தவர்கள் ஏன் விட்டாய் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் ஊருக்கு நான் இன்னும் டீச்சர்தான். தாய்மார் தேங்காய் வாங்க வந்தால் தேங்காயோடு ஒரு கேள்வியும் வரும்: "டீச்சர், இவன் இப்பவே நூறு வரைக்கும் சொல்லுறான். முதலாம் ஆண்டுக்குப் போறதுக்குள்ள இனி என்ன படிப்பிக்க?"

அப்படிக் கேட்டால் நான் டொபிப் போத்தலைத் திறந்து பிள்ளையிடம் நீட்டுவேன். "மூண்டு எடு மனே."

போன மாதம் வந்த ஒருவனுக்கு மூன்றரை வயதிருக்கும். நூறு என்றது தாயின் ஆசை. இருபது வரைக்கும் தடக்காமல் சொன்னான், அதுவே நல்ல விஷயம். மூன்று எடு என்றதும் கையை உள்ளே விட்டு அள்ளினான். கை கொண்ட மட்டும் வந்தது. "எண்ணிப் பார்" என்றேன். மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, ஒன்றையும் விடாமல், ஒன்றையும் இரண்டு தரம் தொடாமல், ஏழு வரைக்கும் எண்ணினான். "அப்ப எத்தின டொபி?" என்றேன். "மூண்டு" என்றான், கொஞ்சமும் யோசிக்காமல். தாயின் முகம் சுருங்கிவிட்டது. "ஒண்டு எடு" என்றேன், ஒன்றை எடுத்தான். "ரெண்டு எடு" என்றேன். கைக்கு ஒன்றாக இரண்டை எடுத்துக் காட்டினான். திரும்ப "மூண்டு" என்றதும் மறுபடி அள்ளல்.

இதை அமெரிக்காவில் கரன் வின் என்ற உளவியலாளர் 1990இல் ஆராய்ந்து எழுதினார். பிள்ளைகள் எண்களின் பெயரை வரிசையாகப் பாடமாக்குவது ஒரு வேலை. அந்தப் பெயர் ஒவ்வொன்றும் ஓர் அளவைச் சொல்கிறது என்று பிடிப்பது வேறொரு வேலை. முதலில் ஒன்று மட்டும் பிடிபடும். அந்த நேரத்தில் இரண்டு, ஐந்து, பத்து எல்லாம் பிள்ளைக்கு 'கனக்க' என்றதுதான். சில மாதம் போனால் இரண்டு பிடிபடும். பிறகு மூன்று. அதற்குப் பிறகு ஒரு கட்டத்தில், பெரும்பாலும் நாலு வயதை ஒட்டி, எண்ணி முடிக்கிற கடைசிச் சொல்தான் மொத்தம் என்கிற சூத்திரம் பிடிபட்டுவிடும். அதோடு நாலும் ஐந்தும் எட்டும் தனித்தனியாகக் காத்திருக்காமல் ஒன்றாக வந்துவிடும். வீட்டில் எவரும் அந்தச் சூத்திரத்தைச் சொல்லிக் கொடுப்பதில்லை. பிள்ளை அதைத் தானாகத்தான் கண்டுபிடிக்கிறது.

தாயிடம் சொன்னேன்: "இவன் பிந்தியில்ல. ஒண்டும் ரெண்டும் இவனிட்ட இருக்கு. மூண்டு வந்துகொண்டிருக்கு. இருபதில இருந்து நூறுக்குக் கொண்டு போறத விட்டுட்டு, பீங்கான் எடுத்து வைக்கச் சொல்லுங்க. வீட்டில எத்தின பேர், எத்தின பீங்கான்." அவர் நம்பியதாகத் தெரியவில்லை. வருட இறுதிக் கலைவிழாவில் மேடையேறி நூறு வரைக்கும் சொன்னால் கைதட்டு. பீங்கான் வைத்ததற்கு யார் கைதட்டப் போகிறார்கள்?

கடை போட்ட பிறகுதான் எனக்குச் சில விஷயம் வடிவாக விளங்கியது என்று சொல்வேன். முன்பள்ளியில் பிள்ளைகள் நான் கேட்பதற்குப் பதில் சொல்வார்கள். கடையில் அவர்களுக்கு அவர்களுடைய அலுவல் இருக்கிறது.

பக்கத்து ஒழுங்கையில் ஒரு அக்காவும் தம்பியும். அவளுக்கு ஏழு, அவனுக்கு நாலு. தம்பியின் கையில் அப்பப்பா கொடுத்த பத்து ரூபாய்க் குற்றி. அக்காவின் கையில் உண்டியலில் இருந்து கிளறி எடுத்த நாலு இரண்டு ரூபாய்க் குற்றிகள். கடை வாசலில் நின்று அவள் மிக அன்பாக, "தம்பி, ஒன்னட்ட ஒண்டுதான் கிடக்கு, என்னட்ட நாலு கிடக்கு, மாத்துவமா?" என்றாள். அவன் உடனே மாற்றிக்கொண்டான். அக்கா பாவம் என்ற முகத்தோடு அவளைப் பார்க்கவும் செய்தான். அவள் பத்து ரூபாய் டொபி ஒன்றை வாங்கி வாயில் போட்டாள். அவன் நாலையும் மேசையில் வைத்து நாலு டொபி கேட்டான். எட்டு ரூபாய்க்கு ஒன்றும் வராது என்று நான் சொன்னதும் கிளம்பிய அழுகையில், வாவிக்கு அங்கால் இருக்கிற கோட்டைக்கே கேட்டிருக்கும்.

தம்பி நாலு ஒன்றை விடப் பெரிது என்று சரியாகத்தான் எண்ணியிருந்தான். ஒரு குற்றிக்குள் பத்து அடங்கியிருக்கலாம் என்பதுதான் இன்னும் அவனுக்கு வரவில்லை. அக்காவோ குற்றியின் எண்ணிக்கை, குற்றியின் பெறுமதி, அதோடு தம்பி என்ன நினைப்பான் என்பது, மூன்றையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்து வியாபாரம் பண்ணினாள். மூன்று வருட வித்தியாசம்தான். நியாயப்படி நான் அவளைப் பேசியிருக்க வேண்டும். உள்ளுக்குள் மெச்சிக்கொண்டு, தம்பிக்கு ஒரு டொபியைக் கொடுத்து அனுப்பினேன்.

பியாஜேயின் பெயரை முன்பள்ளிப் பயிற்சிக்குப் போன எவரும் கேட்டிருப்பார்கள். சுவிஸ் நாட்டு உளவியலாளர், 1896இல் பிறந்து 1980இல் இறந்தவர். இளவயதில் பாரிஸில் பிள்ளைகளுக்கான புத்திப் பரீட்சைகளைத் திருத்தி ஒழுங்குபடுத்தும் வேலை அவருக்குக் கிடைத்தது. எத்தனை சரி, எத்தனை பிழை என்று கூட்டிக் கொடுப்பதோடு வேலை முடிந்திருக்கும். ஆனால் ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரிப் பிழை விடுவது அவர் கண்ணில் பட்டது. பிழை ஒரே மாதிரி வருகிறதென்றால் அதற்குள் ஒரு வழி இருக்க வேண்டுமே. அந்த வழியைத் தேடுவதிலேயே மிச்ச ஆயுள் முழுவதையும் கழித்தார். தன்னுடைய மூன்று பிள்ளைகளையும் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்தவர்.

அவருடைய பெயர் போன சோதனை தண்ணீரை ஊற்றுவது. ஒரே மாதிரி இரண்டு கிளாசில் சம அளவு தண்ணீர். பிள்ளை "ரெண்டும் சமம்" என்று சொல்லும். ஒன்றை எடுத்து ஒடுங்கிய உயரமான கிளாசில் ஊற்றிவிட்டு மறுபடி கேட்டால், ஐந்து வயதுப் பிள்ளை உயரமானதில்தான் கூட என்று சொல்லும். ஏழு வயதளவில் அதே பிள்ளை, "ஊத்தினதுதானே, கூடக் குறைய என்னத்துக்கு?" என்று எங்களையே ஒரு மாதிரிப் பார்க்கும். தண்ணீருக்குப் பதில் களிமண் உருண்டை, வரிசையாக அடுக்கிய காய்கள் என்று எதில் செய்தாலும் இப்படித்தான்.

இந்த இடத்தில் பெரியவர்கள் சிரிக்கத் தேவையில்லை. நான் எருமைத் தயிர் விற்கிறேன். வாய் அகன்ற மண்சட்டியிலும் வரும், உயரமான பிளாஸ்டிக் வாளியிலும் வரும். இரண்டிலும் ஒரே அளவு என்று எழுதியும் கிடக்கிறது. "சட்டியிலதான் கூட இருக்கும் டீச்சர்" என்று தெரிந்தெடுத்துப் போகிறவர்களில் ஓய்வுபெற்ற அதிபரும் ஒருவர்.

சரி, பியாஜேக்கு வருவோம். 1974இல் ஸ்கொட்லாந்தில் ஜேம்ஸ் மக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற இருவர் இந்தச் சோதனையைக் கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். இரண்டு வரிசையாகக் காய்களை அடுக்கி, சமமா என்று கேட்பது வழக்கம் போலத்தான். பிறகு ஒரு வரிசையை நெருக்கிக் குழப்புவது பரீட்சிக்கிறவர் இல்லை. ஒரு குழப்படிக்காரக் கரடிப் பொம்மை பெட்டிக்குள் இருந்து பாய்ந்து வந்து குழப்பும். "ஐயோ, இந்தக் கரடி எல்லாத்தையும் கெடுத்துப்போட்டுது, இப்ப எப்படி, சமமா?" என்று கேட்டார்கள். பெரியவர் குழப்பினால் பிழையாகச் சொன்ன பிள்ளைகளில் பெரும்பகுதி, கரடி குழப்பினால் சரியாகச் சொன்னது.

இதைப் படித்த அன்று பின்னேரமே மகனின் பழைய காலுறை ஒன்றில் இரண்டு பொத்தானைத் தைத்துக் குரங்கு செய்தேன். அடுத்த நாள் முன்பள்ளிப் பாயில் புளியங்கொட்டையை இரண்டு வரிசையாக அடுக்கினேன். நான் நெருக்கியபோது, "கீழ் வரிசை குறைஞ்சிட்டு" என்று சொன்ன ஒரு பெண்பிள்ளை, குரங்கு நெருக்கியபோது குரங்கின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "இது அதே கொட்டைதான் டீச்சர், இவன்தான் இழுத்து வச்சவன்" என்றாள். முதல் தடவை ஏன் குறைந்தது என்று சொன்னாய் என்று பிறகு சும்மா கதைத்துக்கொண்டிருக்கையில் கேட்டேன். "நீங்கதானே மாத்தினீங்க" என்றாள்.

இரண்டே சொல்லில் டொனால்ட்சன் அம்மையார் சொன்னதை அந்தப் பிள்ளை சொல்லிவிட்டாள். டீச்சர் சும்மா ஒன்றை மாற்றமாட்டார். மாற்றிவிட்டுத் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்கிறார் என்றால், விடையும் மாற வேண்டும் என்றுதானே எதிர்பார்க்கிறார்? யோசித்துப் பார்த்தால் இதைவிட நல்ல நியாயம் கிடையாது. எங்கள் வீடுகளில் பெரியவர் ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்டால் என்ன அர்த்தம்? "கை கழுவினியா?" "ஓம்." "கை கழுவினியா?" இரண்டாவது கேள்விக்குப் பிள்ளை எழும்பிப் போய்க் கழுவிவிட்டு வரும். அதே 1974இல் சூசன் ரோஸ், மரியன் பிளாங்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முதல் கேள்வியை விட்டுவிட்டு, மாற்றிய பிறகு ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டுப் பார்த்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளின் பிழைகள் குறைந்தன.

கரடிச் சோதனைக்கும் மறுப்பு வந்தது. கரடி செய்கிற கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் காய்கள் மாறியதையே பிள்ளைகள் கவனிக்கவில்லை, அதனால்தான் பழைய விடையைச் சொன்னார்கள் என்று 1980களில் சிலர் காட்டினார்கள். அதிலும் ஞாயம் இருக்கலாம். என் குரங்கைப் பார்த்த பிள்ளைகளில் சிலர் கொட்டையைப் பார்க்கவே இல்லை என்பது உண்மை. ஆனால் குட்டு வைத்தவள் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள்.

அதனால் பியாஜே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கண்ட மாற்றம் நடக்கத்தான் செய்கிறது, நாலு வயதுத் தம்பியையும் ஏழு வயது அக்காவையும் என் கடை வாசலிலேயே பார்க்கலாம். பிள்ளை எங்களுடைய சொல்லை மட்டும் கேட்பதில்லை, நாங்கள் எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. பிள்ளை பிழையாகச் சொன்னால் முதலில் கேள்வியைச் சந்தேகப்பட வேண்டும். பிள்ளையைச் சந்தேகப்படப் பிறகும் நேரம் இருக்கிறது.

மற்றவரின் மனதுக்குள் என்ன இருக்கும் என்று கணிப்பதும் ஒரு நாளில் வருவதில்லை. என்னிடம் ஒரு பழைய பிஸ்கட் பேணி இருக்கிறது. உள்ளே ஊசி, நூல், பொத்தான். இந்த நாட்டில் எந்த வீட்டுப் பிஸ்கட் பேணிக்குள் பிஸ்கட் இருந்திருக்கிறது? மூன்று வயதுப் பிள்ளையிடம் காட்டி உள்ளே என்ன என்று கேட்டால் "பிஸ்கட்". திறந்து காட்டினால் முகம் வாடும். மூடிவிட்டு, "இதத் திறக்க முந்தி என்ன இருக்கெண்டு நினைச்ச நீ?" என்று கேளுங்கள். "நூல்." அடித்துச் சொல்லும். "வெளியில நிக்கிற தம்பி பாத்தா என்ன நினைப்பான்?" "நூல்." அலிசன் கொப்னிக், ஜனட் அஸ்டிங்டன் இருவரும் 1988இல் சொக்லட் பெட்டிக்குள் பென்சில்களை வைத்துச் செய்து பார்த்தது இதைத்தான். சற்று முன் தான் நினைத்தது இப்போது தெரிந்ததிலிருந்து வேறானது என்பதே மூன்று வயதுக்கு எட்டுவதில்லை. நாலு, நாலரை ஆகும்போது அதே பிள்ளை, "பிஸ்கட் எண்டு நினைச்சி ஏமாறப்போறான்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

உருப்படியாகப் பொய் சொல்லப் பழகுவதும் இந்த வயதில்தான். டொபி கன்னத்தில் புடைத்துக்கொண்டு நிற்க, "நான் எடுக்கல்ல" என்கிற பொய்யை நான் பொய்யில் சேர்ப்பதில்லை. வாயை மென்று விழுங்கி, உதட்டைத் துடைத்து, அதற்குப் பிறகு "நான் எடுக்கல்ல" என்று ஒருவன் வந்து நின்றால், தாய் அடிக்கக் கை ஓங்கும் முன், இவன் இப்போது உங்கள் மனதுக்குள் எட்டிப் பார்க்கப் பழகிவிட்டான் என்று சொல்வேன். அடி எப்படியும் விழும். அது வேறு.

கல்லடிப் பாலத்தில் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு இரவில் போயிருக்கிறீர்களா? நிலா எங்களோடு வருகிறது என்று சொல்லாத பிள்ளை இல்லை. பியாஜே ஜெனீவாப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதியதும் அதேதான். எங்களுக்கு இரண்டு பாலம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், 2013இல் திறந்த புதுப் பாலம். பழையதில் ஏன் பஸ் போவதில்லை என்று நான் கேட்டதற்கு ஒரு பிள்ளை, "அதுக்கு வயசு போயிட்டு, பென்சன் எடுத்திட்டு" என்றது. எங்கள் வாவியின் பாடும் மீன் ஏன் பாடுகிறது என்றால், குஞ்சு மீனைப் படுக்கப் போட என்று வரும். எதைக் கேட்டாலும் அது எதற்காக என்றுதான் பதில். டெபோரா கெலமன் என்பவர் 1999இல் அமெரிக்கப் பிள்ளைகளிடம் சில பாறைகள் ஏன் கூராக இருக்கின்றன என்று கேட்டார். காலப்போக்கில் சேர்ந்து சேர்ந்து அப்படி ஆனது என்கிற விளக்கத்தைவிட, மிருகங்கள் சொறிந்துகொள்ள என்பது போன்ற விளக்கம்தான் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. உலகத்தில் எதுவும் சும்மா நடக்காது, எல்லாவற்றுக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது என்று நினைக்கிற வயது. பெரும்பாலும் கேட்கச் சுவையாகத்தான் இருக்கும்.

எப்போதும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தபோது நான் வேலைக்குப் புதிது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு நூல் மாதிரிக் கிடக்கிற நாவலடி அன்று என்ன ஆனது என்று இங்கே எவருக்கும் சொல்லத் தேவையில்லை. அடுத்த வருடம், இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த திராய்மடுவில் கூடாரத்துக்குள் முன்பள்ளி நடத்தினோம். நாலரை வயதுப் பையன் ஒருவன், கையைத் திறக்கவே மாட்டான். சாப்பிடும்போதும் இடது கை பொத்தித்தான் இருக்கும். உள்ளே ஒன்றும் இல்லை. பல நாள் போன பிறகு அவனாகவே சொன்னான். நத்தார் அன்று கடற்கரையில் ஒரு பெரிய சிப்பி எடுத்தானாம். வீட்டுக்குக் கொண்டு வந்தானாம். அதைக் கேட்டுத்தான் அடுத்த நாள் கடல் வந்ததாம்.

பியாஜே 1932இல் எழுதிய ஒரு புத்தகத்தில் ஒரு கதை வரும். அப்பிள் திருடிய பையன் ஓடிப்போய் ஒரு உக்கிய பாலத்தில் ஏறுகிறான், பலகை முறிந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் இருந்திருந்தால் பலகை முறிந்திருக்குமா என்று பிள்ளைகளிடம் கேட்டார். முறிந்திருக்காது என்றார்கள், ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள். குற்றம் செய்தால் பலகைக்கும் தெரியும். எங்கள் பையனுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது அந்தக் கணக்குத்தான். கூடாரத்துக்கு வெளியே பெரியவர்களும், "ஊர் செய்த பாவம்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளை வானத்தில் இருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் நிலம் அதிர்ந்தது, அந்தத் தண்ணீர் இரண்டு மணித்தியாலம் அளவில் ஓடி வந்து இங்கே அடித்தது என்று பேசினில் தண்ணீர் வைத்து, தட்டி, அலை காட்டினேன். பேசினை விருப்பமாகப் பார்த்தான். தானும் தட்டினான். சிப்பியை விடவில்லை. அடுத்து வேறு வழியில் போனேன். "நானும் சின்னனில எத்தின சிப்பி எடுத்தன். காத்தான்குடிப் பிள்ளைகளும் எடுத்த. எங்கட சிப்பியக் கேட்டு ஏன் வரல்ல?" நல்லாக யோசித்தான். பிறகு சொன்னான்: "என்ட பெரிசு."

வாயடைத்துவிட்டேன். என் ஆதாரத்தைக் கேட்டு, அதைத் தூக்கி எறியாமல், தன் விளக்கத்துக்குள் அதற்கும் ஓர் இடம் செய்துவிட்டான். பெரிய விஞ்ஞானிகளும் தங்கள் கொள்கையைக் காப்பாற்ற இதைத்தான் செய்வார்கள்.

அவனை அசைத்தது நான் இல்லை. அதே பாயில் இருந்த இன்னொருவன், இவனைவிடக் கொஞ்சம் பெரியவன், இதைக் கேட்டுவிட்டுக் கோபப்பட்டான். கடல் வந்தது தன்னால்தானாம். தங்கச்சிக்கு அடித்தானாம், அதுவும் நத்தார் அன்றுதானாம். இரண்டு பேருக்கும் சண்டை. என்னாலதான், இல்லை என்னாலதான். "நீ அடிச்சதுக்கு ஏன் எங்கட வீட்டுக்கு வந்தது?" என்று இவன் கேட்டான். "நீ சிப்பி எடுத்ததுக்கு ஏன் எங்கட வீட்டுக்கு வந்தது?" என்று அவன் கேட்டான். இரண்டு பேருக்கும் பதில் இல்லை. நான் பக்கத்தில் இருந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அன்றே எல்லாம் தீர்ந்தது என்று கதை விடமாட்டேன். ஆனால் சில கிழமைக்குள் அந்தக் கையில் கலர் பென்சில் பிடிக்கத் தொடங்கினான்.

பெரியவர் சொல்லுவதைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளும் அல்லது ஏற்றுக்கொண்டது போல இருந்துவிடும். தன் உயரத்தில் இருக்கிற இன்னொரு பிள்ளை மறுத்தால்தான் தன் எண்ணத்தைத் திருப்பிப் பார்க்கும் என்று பியாஜே எழுதியிருக்கிறார். அதை நான் படித்தது பின்னால். படித்தபோது அந்தப் பாய்தான் ஞாபகத்துக்கு வந்தது.

வைகொட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் என் பயிற்சி ஆசிரியை கோபிப்பார். அவரும் 1896இல்தான் பிறந்தவர், காசநோயால் 1934இலேயே போய்விட்டார். சிரட்டையில் மண் நிரப்பிச் சோறு கறி ஆக்குகிற பிள்ளை தனக்குத் தானே கதைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "இப்ப தண்ணி... ஐயோ கூடிட்டு... மண் போடுவம்... மறுகா மூடுவம்." அது சும்மா அலட்டல் இல்லை, அந்தப் பேச்சால்தான் பிள்ளை வேலையை நடத்துகிறது, வேலை கஷ்டமாக ஆக ஆகப் பேச்சும் கூடும், வளர வளர அதே பேச்சு உள்ளே போய் நினைப்பாகிறது என்று காட்டியவர் அவர். ஆகவே "வாய மூடிட்டு எழுது" என்று பிள்ளையின் தலையில் தட்டுகிறவர்கள், யோசிப்பதை நிற்பாட்டு என்றுதான் தட்டுகிறார்கள்.

என்னிடம் வேலைக்கு உதவியாகப் பின்னேரம் வந்து நிற்கிற பையன் நாலாம் ஆண்டு. ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து நூற்று முப்பது ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், நான் கணக்குப் பொறியைத் தேடும் முன் மிச்சத்தைச் சொல்லிவிடுவான். எப்படி என்றால், "நூத்தி முப்பதுக்கு எழுபது போட்டா இருநூறு, மறுகா முந்நூறு." அவனுடைய கணக்குக் கொப்பியில் ஐந்நூறில் இருந்து நூற்று முப்பதைக் கழித்த இடத்தில் சிவப்புக் கோடு. பிரேசிலில் ரெசிஃபி நகரத்தில் தெருவில் தேங்காய், சாமான் விற்கிற சிறுவர்களை வைத்து 1985இல் ஒரு ஆய்வு வந்தது. தெருவில் நின்று வாங்குகிறவர் போலக் கேட்டபோது 98 வீதம் சரி. அதே கணக்கை வெறும் எண்களாகக் காகிதத்தில் கொடுத்தபோது 37 வீதம் அளவில்தான் சரி. பையனின் தாய் புலமைப்பரிசில் வகுப்புக்காகக் கடையில் நிற்கிறதை நிறுத்தப்போவதாகச் சொல்லுகிறார். நான் என்ன சொல்ல, எனக்கு ஆள் தேவை என்று சொல்லுகிறேன் என்றுதானே நினைப்பார்.

முதலாம் ஆண்டுக்கு முன் என்ன படிப்பிக்க என்ற கேள்விக்கு என்னிடம் நீளமான பதில் இல்லை. கடைக்கு அனுப்புங்கள். மிச்சக் காசை அவர்களே வாங்கி வரட்டும். பிழையாகச் சொன்னால், "எப்படித் தெரியும்?" என்று ஒருக்கா மட்டும் கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சண்டை பிடித்தால், இரத்தம் வராதவரைக்கும் நடுவில் போகாதீர்கள்.

டொபியை அள்ளிய பையன் இப்போது மூன்றை எடுக்கிறான். நாலு இன்னும் அள்ளல்தான். ஆனால் அவனுக்குப் புதிதாக வேறொரு பிரச்சினை. தாய் அவனைப் பாணுக்கு அனுப்பும்போது, "டீச்சரிட்ட கொப்பியில எழுதச் சொல்லு" என்று அனுப்புகிறார். கடன் கொப்பிதான். நான் எழுதுகிறேன், அவன் பாணோடு போகிறான். போன கிழமை பாணை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான். காசு கொடுத்து வாங்கிய ஒரு ஐயாவையே பார்த்துக்கொண்டிருந்தவன், அவர் போனதும் மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், ஒங்களுக்கு எழுதத் தெரியும்தானே. அப்ப ஏன் இந்த ஆக்கள் காசு தாறாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. மாத முடிவில் தாய் கணக்குத் தீர்க்க வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.